உப்பு இருந்தும்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 2:19-22, மத்தேயு 5:13, மாற்கு 9:50

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு,



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு, பிள்ளைகள் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகலாமா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். கோச்சடையிலும் அதைச் சுற்றிலும் அடுக்குமாடி வளாகங்கள் பெருகிவிட்டன. அவற்றில் சிலவற்றில் நீச்சல் குளங்களும் வந்துவிட்டன. ஒரு காலத்தில் வைகையில் நீந்தக் கற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஓடு பதித்த குளத்தில் நீந்தக் கற்கிறார்கள். நல்லதே. அந்தக் குளங்களில் ஒன்றைப் பராமரிக்கும் சகோதரர் ஒருவர் நம் சபையில் இருக்கிறார். அவருடைய வேலையைச் சில மாதங்களாக அருகில் இருந்து கவனித்து வருகிறேன். அதிலிருந்து கர்த்தர் எனக்குக் கற்பித்த ஒரு காரியத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் எரிகோவுக்குப் போவோம். எலியா சுழல்காற்றில் எடுத்துக்கொள்ளப்பட்ட பின்பு, எலிசா எரிகோவில் தங்கியிருக்கிறார். ஊர் மனிதர் வந்து ஒரு குறையைச் சொல்லுகிறார்கள். ஊர் இருக்கும் இடம் நன்றாயிருக்கிறது, ஆனால் தண்ணீர் கெட்டிருக்கிறது, நிலமும் பலன் தரவில்லை. எலிசா ஒரு புதுத் தோண்டியில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுகிறார். அதை அவர் வீடுவீடாகச் சென்று குடங்களில் தூவவில்லை. தண்ணீர் புறப்படும் ஊற்றண்டைக்கே போய், அங்கே அந்த உப்பைப் போடுகிறார். கர்த்தர் அந்தத் தண்ணீரை ஆரோக்கியமாக்கினார். எரிகோவில் இன்றும் ஓடும் பழைய ஊற்றுக்கு எலிசாவின் ஊற்று என்றே பெயர்.

வைகை மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிறது. கோச்சடை நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரும் நாளில், அது மதுரை நகருக்குள் நுழைவதற்கு முன்பு நம்மைக் கடந்துதான் போகிறது. மேல்மடையில் இருக்கிறவர்களுக்குக் கீழ்மடையைக் குறித்த பொறுப்பு உண்டு. ஆகவே இந்த வேதப் பகுதியை நாம் தூரத்து ஊர்க் கதையாக வாசிக்க முடியாது.

எரிகோவில் நடந்தது அற்புதம். ஒரு தோண்டி உப்பு ஒரு ஊற்றைச் சுத்திகரிக்கும் என்று எந்த வேதியியலும் சொல்லாது. அதைச் செய்தவர் கர்த்தர். இருந்தாலும் தண்ணீரை ஆரோக்கியமாக்க அவர் ஏன் உப்பைக் கேட்டார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. உப்பினால் தண்ணீரைக் காக்கும் ஒரு முறை நம் ஊரிலேயே நடைபெறுகிறது என்பதை நம் சகோதரரிடம் அறிந்தபோது, அந்தப் பகுதியை மறுபடியும் எடுத்து வாசித்தேன்.

உப்பிலிருந்து வரும் காவல்

சாதாரணக் குளங்களில் குளோரினைப் பொடியாகவோ திரவமாகவோ வெளியிலிருந்து கொண்டுவந்து போடுகிறார்கள். நம் தெருக்களின் மேல்நிலைத் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களே, அதே வேலைதான். சகோதரர் பராமரிப்பது உப்புநீர்க் குளம். அதில் குளோரினைக் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. உப்பைக் கரைத்துவிட்டு, அந்த உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்குகிறார்கள்.

ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கொள்ளும் குளத்துக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ உப்புத் தேவைப்படும். அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் ஆறு முதல் எட்டு மூட்டை வரை. கேட்கும்போது மிகுதியாகத் தோன்றும். ஆனால் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு கிராம் என்பது கடல்நீரின் உப்பில் பத்தில் ஒரு பங்குதான். நம் கண்ணீரில் உள்ள உப்பில் பாதிகூட இல்லை. நாவில் பட்டால் இலேசாகத் தெரியும், அவ்வளவே.

உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். குளத்து நீர் வடிகட்டியைக் கடந்து திரும்பும் குழாயில், மேற்பூச்சிட்ட டைட்டானியத் தகடுகள் கொண்ட ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதற்குச் செல் என்று பெயர். உப்புநீர் அந்தத் தகடுகளுக்கு இடையே ஓடும்போது மின்சாரம் பாய்கிறது. உப்பில் கட்டுண்டிருந்த குளோரின் விடுபட்டுத் தண்ணீரில் கரைந்து, கிருமிகளைக் கொல்லும் அமிலமாகிறது. தன் வேலையை முடித்தபின் அது மறுபடியும் குளோரைடாக, உப்பின் பகுதியாகவே, தண்ணீருக்குத் திரும்புகிறது. ஆகையால் உப்பு செலவாவதில்லை. தெறித்து வெளியேறும் நீரோடும் வடிகட்டியைக் கழுவும் நீரோடும் போவதை மட்டும் அவ்வப்போது ஈடுசெய்தால் போதும்.

சகோதரர் இதை எனக்கு விளக்கிவிட்டு, ஒரு வார்த்தை சொன்னார்: "உப்பு குறையவே குறையாதுங்கய்யா. ஆனா மோட்டார் நின்னுபோச்சுன்னா, எட்டு மூட்டை உப்பும் சும்மா உப்புத்தான்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தையை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள் என்ற பொருளில் ஆண்டவர் பேசியபோது, உப்பாக மாறுங்கள் என்று அவர் கட்டளையிடவில்லை. ஏற்கெனவே அப்படி இருக்கிறீர்கள் என்று அறிவித்தார். அது கிருபை. நம்மில் அநேகருக்கு அந்த உப்பு பாட்டன் பாட்டி காலத்திலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்றிருக்கிறோம், திடப்படுத்தல் பெற்றிருக்கிறோம், சபைப் பதிவேட்டில் நம் பெயர்கள் இருக்கின்றன. வேதம் வீட்டில் இருக்கிறது, மனப்பாட வசனம் நெஞ்சில் இருக்கிறது. இவற்றில் ஒன்றும் வீணல்ல. ஆனால் ஓட்டமும் மின்சாரமும் இல்லாத நாளில் குளத்தின் உப்பு ஒரு கிருமியையும் தடுப்பதில்லை. ஆவியினால் நிறைந்திருங்கள் என்று பவுல் எபேசியருக்கு எழுதினபோது (எபேசியர் 5:18), மூல மொழியில் அது தொடர்ந்து நிறைந்துகொண்டே இருக்கும்படியான கட்டளை. ஒரு நாள் நிறைந்ததை வைத்து ஓர் ஆண்டு ஓட்ட முடியாது.

வெயில் தின்றுவிடும்

ஒரு முறை சரியாக உண்டாக்கிய குளோரின் ஏன் நிலைத்திருப்பதில்லை என்று கேட்பீர்கள். மதுரையின் சித்திரை வெயிலை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நீரிலுள்ள குளோரினைச் சிதைத்துவிடுகின்றன. பாதுகாப்பு ஒன்றும் இல்லையென்றால், காலையில் இருந்த அளவில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் போய்விடும். யாரும் குளத்தில் இறங்காவிட்டாலும் போய்விடும்.

இதைத் தடுக்க சயனூரிக் அமிலம் என்ற நிலைநிறுத்தியைச் சேர்ப்பார்கள். அது குளோரினுக்குக் குடை பிடிப்பது போன்றது. ஆனால் அந்தக் குடையும் அளவோடு இருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் அது குளோரினை இறுகப் பிடித்துக்கொண்டு, கிருமிகளோடு போராட விடாமல் மந்தமாக்கிவிடும். அது எளிதில் தேய்ந்தும் போகாது. குளத்தின் ஒரு பகுதியை வடித்துப் புதுத் தண்ணீர் நிரப்புவதே வழக்கமான பரிகாரம். வெயிலுக்குப் பயந்து தன்னை முழுவதும் மூடிக்கொள்ளும் விசுவாசமும் இப்படித்தான் மந்தமாகிறது. உலகத்தின் சூடு படாமல் இருக்கச் சபைச் சுவருக்குள்ளேயே பேசி, பாடி, உண்டு திரும்புகிறவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களால் தெருவுக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே நல்ல பராமரிப்பு என்பது குடையை மேலும் மேலும் பெரிதாக்குவது அல்ல. வெயில் தின்றதை நாள்தோறும் மறுபடி உண்டாக்குவதே. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின் அக்கினியைக் குறித்து என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த அக்கினி அவியக்கூடாது. ஆசாரியன் காலைதோறும் அதற்கு விறகு அடுக்க வேண்டும். அக்கினியைக் குறித்த கட்டளையோடு விறகைக் குறித்த கட்டளையும் அங்கே இருக்கிறது. மன்னாவும் அப்படித்தான்: அடுத்த நாளுக்கென்று வைத்ததில் புழு வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பெற்றது வியாழக்கிழமை மாலை எவ்வளவு மீந்திருக்கிறது என்று நீங்கள் எப்போதாவது அளந்து பார்த்ததுண்டா?

சமாதானம் இல்லாத உப்பு

சகோதரர் தினமும் இரண்டு அளவுகளைச் சேர்த்தே எடுக்கிறார். ஒன்று குளோரின். மற்றொன்று பி.எச். எனப்படும் அமில, காரத் தன்மை. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கமான இலக்கு. ஆனால் பி.எச். ஏறிவிட்டால், குளோரின் இருந்தும் இல்லாததைப் போலாகிவிடும். பி.எச். 7.2 என்னும்போது, நீரிலுள்ள குளோரினில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வலிமையான வடிவில் இருக்கிறது. 7.5 ஆகும்போது அது பாதியாகிறது. 8 ஆனால் கால் பங்குதான். மீதி நீரிலேயே இருக்கிறது, கணக்கிலும் வருகிறது, ஆனால் அதன் வேகம் மிகக் குறைவு.

உப்புநீர்க் குளத்தில் பி.எச். தானாகவே ஏறும் இயல்புடையது. செல்லில் ஹைட்ரஜன் குமிழ்கள் உண்டாகி வெளியேறும்போது, நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் சேர்த்து வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே அதைக் கண்காணித்து, மிக ஜாக்கிரதையாகச் சிறிது அமிலம் சேர்த்துச் சமன்படுத்த வேண்டும்.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆண்டவர் இரண்டு காரியங்களை ஒன்றாகச் சொல்லுகிறார். உங்களுக்குள்ளே உப்பு இருக்கட்டும் என்கிறார். அதே மூச்சில், ஒருவரோடொருவர் சமாதானமாயிருங்கள் என்கிறார். உப்புக்கும் சமாதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முன்பெல்லாம் யோசிப்பதுண்டு. குளத்தண்டையில் அந்த இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஒருவாறு விளங்கியது. ஜெபம் இருக்கிறது, காணிக்கை இருக்கிறது, வேத வாசிப்பும் இருக்கிறது. ஆனால் உடன்பிறந்தவனோடு பாகப்பிரிவினை வழக்கு. எதிர்வீட்டாரோடு பேச்சு இல்லை. பாடகர் குழுவில் யார் முன்வரிசை என்று மனக்கசப்பு. அங்கே உப்பும் இருக்கிறது, குளோரினும் உண்டாகிறது, பலன் மட்டும் பாதியாகிவிடுகிறது. கசப்பும் தானாகவே ஏறக்கூடியது. யாரும் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டால் போதும்.

வாடை எதைச் சொல்லுகிறது

நம்மில் பலர் ஒரு தவறான எண்ணம் கொண்டிருக்கிறோம். நீச்சல் குளத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாடை அடித்தால், "குளோரினை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்" என்போம். பெரும்பாலும் உண்மை அதற்கு எதிரானது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து, தன் வலிமையை ஏறத்தாழ இழந்துபோன குளோரினின் வாடை அது. அதற்குக் குளோரமின் என்று பெயர். கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். சரியாகப் பராமரிக்கப்படும் குளத்தில் வாடை மிகக் குறைவாகவே இருக்கும்.

அளக்கும் கருவிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டுமருந்துச் சோதனை, வலிமையுள்ள குளோரினையும் வலிமையிழந்ததையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். டி.பி.டி. எனப்படும் இளஞ்சிவப்புச் சோதனையின் முதல் மாத்திரையோ, இன்னும் கட்டுண்டுபோகாமல் வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரினை மட்டும் காட்டும். நம் சகோதரர் இரண்டாவதைத்தான் நம்புகிறார். மொத்தக் கணக்கு மனதுக்கு ஆறுதல் தரும். ஆனால் பிள்ளைகளைக் காப்பது அதுவல்ல.

லூக்கா 18-இல் வரும் பரிசேயன் தன் மொத்தக் கணக்கைத்தான் தேவாலயத்தில் வாசித்தான்: உபவாசம் இத்தனை, தசமபாகம் இத்தனை என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் அவை யாவும் அவன் சுயத்தோடு சேர்ந்து கட்டுண்டுபோயிருந்தன. அயலானுக்காக விடுதலையாக நிற்கும் ஒரு துளியும் அதில் இல்லை. பக்தியின் வாடை தூரத்திலேயே வீசும் இடத்தில், ஒருவேளை பக்தி செலவாகி முடிந்திருக்கலாம் என்பதை மறவாதிருப்போம்.

தெளிந்த தண்ணீரும் பூட்டிய கதவும்

இப்போது சகோதரருக்கு நேர்ந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். அவருடைய அனுமதியோடுதான் சொல்லுகிறேன். எந்த வளாகம், யார் என்பவை நமக்குத் தேவையில்லை.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, அந்த வளாகத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் குளத்தில் இறங்கக் காத்திருந்தார்கள். முந்தின நாள் காலையில் குளத்தின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. சரிசெய்யக் கொண்டுபோனவர்கள் இன்னும் திரும்பவில்லை. நீர் ஓடாதபோது செல் வேலை செய்யாது. ஒன்றரை நாள் வெயில் மட்டும் தன் வேலையைச் செய்திருந்தது. மாலை நான்கு மணிக்குச் சகோதரர் குளத்து நீரைச் சோதனைக் குழலில் எடுத்து மாத்திரையைப் போட்டார். இளஞ்சிவப்பு வரவில்லை. மறுபடி போட்டார். வரவில்லை. அவர் கதவைப் பூட்டிவிட்டார்.

பொறுப்பிலிருந்தவர் வந்தார். "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அடியில் கிடக்கும் காசுகூடத் தெரிகிறதே" என்றார். அது உண்மைதான். பாசி பிடிப்பதற்கு நாளாகும். கிருமி பரவுவதற்குப் பாசி தேவையில்லை. "ஒரு கேன் குளோரினை ஊற்றிவிட்டுத் திறந்துவிடு" என்றார் வேறொருவர். மோட்டார் ஓடாமல் ஊற்றினால் அது ஓரிடத்தில் தோலை எரிக்கும், வேறோரிடத்தில் போய்ச் சேராது என்று சகோதரர் சொன்னார். விருந்து நடத்தியவர் கோபித்தார். பிள்ளைகள் அழுதார்கள். சகோதரர் சாவியைக் கொடுக்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாலை மோட்டார் திரும்பி வந்தது. நீர் சுழன்றது, அளவு ஏறியது, திங்கட்கிழமை குளம் திறந்தது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பூட்டியதினால்தான் ஒன்றும் ஆகவில்லையா, திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதா என்று யாரும் நிரூபிக்க முடியாது. நடக்காத தீங்குக்குச் சாட்சி இல்லை. ஆகவே அதற்கு நன்றி சொல்லுகிறவர்களும் இல்லை.

பயம் வீணானதும் அல்ல. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் நம் அண்டை மாநிலமான கேரளத்தில், அமீபாவினால் வரும் மூளைக்காய்ச்சலுக்குப் பிள்ளைகள் உட்படப் பலர் பலியானதை நீங்கள் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள். அத்தகைய அமீபாக்களில் ஒன்றாகிய நெக்லேரியா ஃபௌலெரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. குளிக்கும்போது மூக்கின் வழியாக ஏறி மூளையைத் தாக்குகிறது. அது தாக்கியபின் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் குளோரின் அளவு முறையாகக் காக்கப்படும் நீரில் அதற்கு இடமில்லை. லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்! கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறிய அளவுதான் ஒரு பிள்ளைக்கும் மரணத்துக்கும் இடையே நிற்கிறது.

எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தின் காவற்காரனை நாம் எக்காளம் ஊதுகிறவனாகவே நினைத்துப் பழகிவிட்டோம். சில வேளைகளில் காவற்காரன் எக்காளம் ஊதுவதில்லை. சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஏச்சைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் நிற்கிறான். இரண்டு நாள் சம்பளத்தைக் குறித்து நான் வருத்தப்பட்டபோது அவர் சொன்னார்: "தெளிவா இருக்கிற தண்ணியைப் பார்த்துத்தான் ரொம்பப் பயப்படணுங்கய்யா. பச்சையா இருந்தா யாரும் இறங்க மாட்டாங்க."

பிரியமானவர்களே, பச்சையாகிவிட்ட வாழ்க்கையைக் கண்டு நாமும் இறங்கமாட்டோம். குடிவெறியும் வெளிப்படையான களவும் இருக்கும் இடத்தைவிட்டு விலகிப்போவோம். நம்மை அறியாமல் இறக்கிவிடுவது தெளிந்த தண்ணீர்தான். ஒழுங்கான குடும்பம், நல்ல வேலை, ஞாயிறு தவறாத வருகை. அடியில் கிடக்கும் காசுகூடத் தெரிகிறது. ஆனால் மோட்டார் நின்று எத்தனை நாளாயிற்று? இந்தத் தண்ணீரில்தானே நம் பிள்ளைகள் தினமும் இறங்குகிறார்கள்? வீட்டில் நாம் பிறரைக் குறித்துப் பேசும் பேச்சில், பணத்தைக் குறித்து எடுக்கும் முடிவுகளில், வேலைக்கு வரும் அம்மாளை நடத்தும் விதத்தில் அவர்கள் மூழ்கி எழுகிறார்கள். அவர்களைக் காக்கும் அந்த ஒன்றிரண்டு மில்லிகிராம் அங்கே இருக்கிறதா?

கடைசிக் குழாயில்

நீச்சல் குளத்தைப் பார்த்திராதவர்களும் நம் சபையில் உண்டு. அவர்களுக்கும் இந்தக் காரியம் அந்நியமல்ல. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவை நீரேற்று நிலையத்தில் பார்த்தால் போதாது. நீர் பயன்படுத்துகிறவரைச் சென்றுசேரும் இடத்தில் பார்க்க வேண்டும். தொட்டியில் எவ்வளவு போட்டார்கள் என்பது ஒரு கணக்கு. வழியில் குழாயின் அழுக்கும் கசிவும் தின்றபின், தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பது மற்றொரு கணக்கு. காலராவையும் டைபாய்டையும் தடுப்பது இரண்டாவது கணக்குத்தான்.

நம் சபையின் கணக்குப் புத்தகங்களில் பெரும்பாலும் முதல் கணக்குதான் இருக்கிறது. இத்தனை ஆராதனைகள், இத்தனை கன்வென்ஷன் கூட்டங்கள், இத்தனை உபவாச ஜெபங்கள். கர்த்தர் கடைசிக் குழாயண்டையில் வந்து நிற்கிறார் என்று நினைக்கிறேன். மீட்டருக்கு மேல் கேட்காத ஆட்டோ ஓட்டுநராக, எடையில் குறைக்காத கடைக்காரராக, மாமியாரிடம் பொறுமையாகப் பேசும் மருமகளாக, மருமகளை மகளாகப் பார்க்கும் மாமியாராக, வியாழக்கிழமை மாலையில் அந்தச் சிறிய மீதி அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார்.

இருக்காவிட்டால் என்ன செய்வது? ஒரு கேனைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். உணர்ச்சிப் பெருக்கில் ஒரே இரவில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட முயலாதீர்கள். மோட்டாரை ஓடவிடுங்கள். காலையில் பதினைந்து நிமிடம் வேதத்தோடு உட்காருங்கள். பேசாமலிருக்கும் அந்த ஒருவருக்கு இந்த வாரமே தொலைபேசியில் அழையுங்கள். செல்லின் தகடுகளில் நம் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் வெள்ளைப் படிவத்தைப் பூசிவிடும். சகோதரர் அதை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்கிறார். நம் மேலும் பழக்கத்தின் படிவம் ஏறுகிறது. அதைக் கழற்றிப் பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை. உப்பு இன்னும் நீரில்தான் இருக்கிறது. கர்த்தர் உங்களை உப்பு என்று சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்புமுன், அன்றைய குளோரின், பி.எச். அளவுகளைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. இறங்குமுன் பிள்ளைகளைக் குளிக்கச் சொல்லுங்கள், கழிப்பறைக்கு அனுப்புங்கள். கதவு பூட்டியிருக்கும் நாளில், பூட்டியவரைத் திட்டாதீர்கள். வீட்டிலும் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு உயிரைப் பறிக்கக்கூடியது.

ஜெபிப்போம்.

பரலோகப் பிதாவே, எரிகோவின் ஊற்றை ஆரோக்கியமாக்கின தேவனே, நீர் எங்களுக்குள் வைத்த உப்புக்காக உமக்கு ஸ்தோத்திரம். அது எங்களில் வெறும் உப்பாகக் கிடவாதபடி, உமது ஆவியானவர் எங்கள் நடுவே நாள்தோறும் ஓடட்டும். தெளிவாய்த் தோன்றுகிறதில் நாங்கள் ஏமாறாதபடி எங்களைச் சோதித்து அறியும். எங்கள் கசப்பை மாற்றும். யாரும் அறியாமல் எங்கள் பிள்ளைகளைக் காத்து நிற்கிறவர்களை, நன்றி பெறாமல் கதவண்டையில் நிற்கிறவர்களை, நீர் நினைத்தருளும். கடைசி வீட்டுக் குழாய்வரைக்கும் உம்முடைய கிருபை எங்கள் வழியாய்ச் சென்றுசேரக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
கோச்சடை